சுழற்சிப் பொருளாதாரம்: சொல் விளக்கம்

பண்டத்தை எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்பாட்டில் வைக்கும் முறையான ‘சேர்க்கியூலர் எக்கொனமி’ (circular economy) என்பதைத் தமிழில் வட்டப் பொருளாதாரம், சுற்றுப் பொருளாதாரம், சுழற்சிப் பொருளாதாரம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். மூன்றாவதே பொருத்தம் என்பது என் துணிபு. உயர்தரத்தில் பொருளியல் படித்தவருக்கு ‘வட்டப் பாய்ச்சல்’ என்றால் வருமானம் வீட்டுத்துறைக்கும் நிறுவனங்களுக்கும் இடையே ஓடித் திரும்புவது. இங்கே ஓடுவது இரும்பு, மரம், பிளாஸ்ரிக். ‘சுற்று’ என்றதும் கந்தோர்ச் சுற்றுநிருபம்தான் நினைவுக்கு வரும். சுழல் என்ற வினையடியில் பிறந்த ‘சுழற்சி’யில் அசைவு இருக்கிறது. பண்டத்துக்கும் செல்வத்துக்கும் ‘பொருள்’ என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பதும் இந்தக் கருத்துக்கு வாய்ப்பாகப் போயிற்று.

செய்த பண்டத்தையும் அதில் இருக்கும் மூலப்பொருளையும் இயன்றவரை பயன்பாட்டிலேயே வைத்திருப்பது, கழிவு உண்டாகாதபடி வடிவமைக்கும்போதே திட்டமிடுவது, மண்ணில் எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்புவது: இவை மூன்றும் சேர்ந்ததே பொருள் வரையறை. எதிர்ச்சொல் நேர்கோட்டுப் பொருளாதாரம். எடு, செய், எறி என்று ஒரே திசையில் போவது.

பூமியை எல்லை கொண்ட ஒரு விண்கலமாகப் பார்க்கச் சொல்லி 1966இல் பொருளியலாளர் கெனத் போல்டிங் எழுதிய கட்டுரையை இக்கருத்தின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். 1976இல் வால்ட்டர் ஸ்ராஹெல், ஜெனவீவ் ரெடே இருவரும் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குக் கொடுத்த அறிக்கை இன்னும் நேரடியானது: பழையதைத் திருத்திப் பாவித்தால் எரிசக்தி மிஞ்சும், கைவேலை பெருகும். டேவிட் பியர்ஸ், கெரி ரேணர் ஆகியோரின் 1990ஆம் ஆண்டுப் பாடநூலோடு இந்தச் சொற்றொடர் பொருளியலில் இடம்பிடித்தது. சீனா இதற்கென்றே இயற்றிய சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. 2010இல் தொடங்கிய எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை இதை நிறுவனங்களின் மேசைக்குக் கொண்டுபோனது.

இதை ‘மீள்சுழற்சி’யோடு குழப்புவதுதான் இன்று பரவலாகக் காணும் பிழை. கடை வாசலில் பிளாஸ்ரிக் போத்தலுக்கு ஒரு கூடை வைத்துவிட்டு ‘நாங்கள் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாறிவிட்டோம்’ என்று அறிவிப்பது சொல்லுக்கே அநியாயம். கண்ணாடிச் சோடாப் போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி நிரப்பினால் கண்ணாடியும் மிஞ்சும், அதை உருக்கி வார்த்த வெப்பத்தின் செலவும் மிஞ்சும். நொறுக்கி உருக்கினால் கண்ணாடி மட்டும் மிஞ்சும். ஆகவே மீள்பயன்பாடு முதலில், திருத்தம் அடுத்து, பழைய பாகங்களைக் கொண்டு புதிதுபோல் ஆக்கும் மீளுற்பத்தி அதற்கும் அடுத்து. வேறு வழியில்லாத இடத்திலேயே மீள்சுழற்சி.

யாழ்ப்பாணத்தில் இக்கருத்தைச் சொல்ல வெளியே போக வேண்டியதில்லை. வேலியில் அடைத்த பனையோலை உக்கியபின் தோட்டத்தில் தாட்டப்பட்டுப் பசளையாகும். பனங்கிழங்கைக் கிண்டி எடுத்தபின் மிஞ்சும் ஊமல், அதாவது பனங்கொட்டையின் வெறுங்கூடு, அடுப்புக்குப் போகும். செக்கில் எள்ளு ஆட்டினால் நல்லெண்ணெய் ஒரு பக்கம், பிண்ணாக்கு மறுபக்கம். பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் எரு திரும்பவும் தோட்டத்துக்கு. செக்கு முதலாளியின் கணக்கில் பிண்ணாக்கு கழிவல்ல, காசு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்தச் சுண்ணாம்புக்கல் குடாநாட்டில் நிலத்தில் கொட்டுவது கிணற்றுக்குத்தான் இறங்கும் என்பதால், இந்த ஒழுங்கு எங்களுக்கு உயிர்ப் பிரச்சினையும்கூட.

ஆனால் எல்லாச் சிக்கனத்தையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கக் கூடாது. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு விதித்த பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். அது தவிப்பில் பிறந்த கெட்டித்தனம். அதைப் பெருமையாகச் சொல்லலாம், முன்மாதிரியாக வைக்க முடியாது. சுழற்சிப் பொருளாதாரம் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் நிற்க வேண்டும். அதற்கு வியாபாரியின் இலாபமே பண்டத்தின் ஆயுளோடு கட்டப்பட வேண்டும்.

நிலைபேறான வியாபார முகாமைத்துவத்தில் இந்தச் சொல் வேலை செய்யும் இடமும் இதுதான். 1959இல் வந்த செரொக்ஸ் 914 பிரதி இயந்திரத்தைப் பெரும்பாலும் வாடகைக்கே கொடுத்தார்கள்; எடுக்கும் பிரதிக்குத் தக்கபடி கட்டணம். இயந்திரம் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்ததால் அது பழுதானால் நட்டமும் நிறுவனத்துக்கே. கலியாண வீட்டுக்குச் சமையல் கிடாரமும் கதிரையும் வாடகைக்கு விடுபவரும் இதே கணக்கில்தான் நிற்கிறார். அவர் மெல்லிய கதிரை வாங்கமாட்டார். கால் உடைந்தால் ஒட்டித் திரும்ப அனுப்புவார். விற்றுவிட்டுக் கைகழுவும் கடைக்கு அந்தக் கவலை இல்லை. எனவே ஒரு நிறுவனம் தன்னை இந்தப் பெயரால் அழைக்கும்போது, பாவித்து முடிந்த பண்டம் யார் பொறுப்பில் திரும்பிவருகிறது, திருத்த உதிரிப்பாகம் கிடைக்குமா, ஆணியைக் கழற்றிப் பிரிக்கலாமா அல்லது பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.