‘இதே மாதிரி, கொஞ்சம் மாத்தி’: லோகோ கேட்பவர்களுக்கும் போடுபவர்களுக்கும்

படங்களைச் சேர்த்து வைக்கும் தளமான பின்ட்ரெஸ்ட்டில் எடுத்த ஒரு படம். அதன் கீழே ஒரு வரி: “இதே மாதிரி வேணும், கொஞ்சம் மாத்திக்குங்க.” சின்ன டிசைன் ஸ்டூடியோக்களுக்கு வரும் வேலைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. படம் அனுப்புவதில் தப்பே இல்லை. மனதில் இருக்கும் ரசனையை வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு; மாதிரி ஒன்று இருந்தால் பேச்சு எளிதாகும். சிக்கல் எல்லாம் அந்த “கொஞ்சம் மாத்தி”யில் இருக்கிறது.

சமீபத்தில் ‘சரிசெய்து கொடுங்கள்’ என்று மேசைக்கு வந்த ஒரு லோகோ: ஒரு இலை, அதற்குள் ஒரு பறவை. பெட்டி அச்சாகி, போர்டு ஏறி, வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான், அதே பறவை வேறு மூன்று நிறுவனங்களின் தலையிலும் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. ஃபைலைத் திறந்து, நிறத்தை நீக்கி வெறும் கோடுகளைக் காட்டும் அவுட்லைன் வியூவில் பார்த்தால் கதை அங்கேயே கிடந்தது. ஒரு முழு வட்டத்தை நான்கே ஆங்கர் பாயின்ட்டில் (கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகளில்) வரையலாம். சிறகின் ஒரு வளைவுக்கு ஐந்தாறு போதும். அங்கே எழுபதுக்கு மேல், எறும்பு வரிசை போல. கையால் வரைந்த கோடு அப்படி இருக்காது. ஸ்க்ரீன்ஷாட்டை, படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றும் இமேஜ் டிரேஸில் தள்ளி எடுத்தால்தான் அப்படி இருக்கும். “டிசைனர் முப்பது சதவீதம் மாத்திட்டேன்னு சொன்னாரே” என்றார் கொண்டுவந்தவர்.

முப்பது சதவீதம் மாத்தினால் படம் நம்முடையதாகிவிடும் என்ற இந்தக் கதைக்கு முதலில் ஒரு முடிவு கட்ட வேண்டும். சிலர் இருபது என்பார்கள், சிலர் ஏழு மாற்றங்கள் என்று எண்ணிக்கையாகவே சொல்வார்கள். அப்படி ஒரு விதி பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. இருந்தால்தான் எப்படி அளப்பது? பறவையின் நூறு சதவீதம் என்பது எது? நீலத்தைப் பச்சையாக்கினால் எத்தனை சதவீதம்? வலப்பக்கம் பார்த்த பறவையை இடப்பக்கம் திருப்பினால்? நிறம் மாற்றுவது, திருப்பிப் போடுவது, கோட்டைத் தடிமனாக்குவது, ஒரு இறகைக் கூட்டுவது எல்லாம் சேர்ந்தாலும் மாறாத கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எதைச் சேர்த்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, எதை எடுத்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு படத்தை அந்தப் படமாக்குவது அதன் சிறகு வளைவு என்றால், அந்த வளைவை மட்டும் எடுத்தாலும் எடுத்ததுதான். பரப்பளவில் அது பத்தில் ஒரு பங்கு என்பது வாதமாகாது.

அடுத்தது “சி வட்டம் (© என்ற பதிப்புரிமைக் குறி) போடலையே, அப்போ ஃப்ரீதானே” என்பது. பதிப்புரிமைக்காக 1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி, படைப்பு உருவான கணத்திலேயே உரிமை வந்துவிடும். பதிவும் வேண்டாம், குறியும் வேண்டாம். கூகுள் தேடலில் வரும் படம் யாரோ ஒருவருடைய படம். தேடித் தந்ததால் கூகுளும் அதற்கு உரிமையாளர் இல்லை. (போகிற போக்கில்: இதைப் பலரும் ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். படத்துக்கும் எழுத்துக்கும் உள்ளது பதிப்புரிமை. பெயருக்கும் லோகோவுக்கும் வணிகச் சின்னம். மூன்றும் மூன்று சட்டங்கள்.)

பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். ஒபாமாவின் 2008 தேர்தலின்போது ஷெப்பர்ட் ஃபேரி செய்த ‘ஹோப்’ போஸ்டரைத் தெரியாத டிசைனர் இருக்க மாட்டார். சிவப்பு, நீலம், வெளிர்மஞ்சள் என்று நிறத்தை முழுக்க மாற்றி, நிழலை வெட்டுத்துண்டுகளாக்கி, தட்டையாகச் செய்த வேலை. முப்பது என்ன, எண்பது சதவீதம் மாறியது என்றே சொல்லலாம். ஆனாலும் மூலப் புகைப்படம் தங்களுடையது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வந்து நின்றது. 2011-இல் சமரசத்தில் முடிந்தது. அதைவிட மோசம் பிறகு நடந்தது. எந்தப் புகைப்படத்தைப் பயன்படுத்தினார் என்பதை மறைக்க ஆவணங்களை அழித்ததும் போலியாக உருவாக்கியதும் வெளிவந்து, 2012-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 25,000 டாலர் அபராதம். ஓவியர் ஆண்டி வார்ஹால் செய்த பாடகர் பிரின்ஸின் படம், லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த புகைப்படத்திலிருந்து வந்தது. வார்ஹால் பெயரிலான அறக்கட்டளை அதைப் பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுத்ததை ‘நியாயமான பயன்பாடாக’ (அனுமதி கேட்காமல் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்காக) ஏற்க முடியாது என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 எனத் தீர்ப்பளித்தது. வார்ஹாலுக்கே இந்தக் கதி, நாம் எம்மாத்திரம்?

சரி, அப்படியானால் எதைத்தான் எடுக்கலாம்? நிறைய. யோசனைக்கும் பாணிக்கும் பதிப்புரிமை இல்லை; அது வெளிப்பட்ட அந்தக் குறிப்பிட்ட வடிவத்துக்குத்தான். இலைக்குள் பறவை என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு நிறச் சேர்க்கை, பக்கத்தை மூன்றாகப் பிரிக்கும் முறை, எழுத்தை ஓரத்தோடு ஒட்டி வைப்பது எல்லாம் பொதுச் சொத்து. டிசைனர் மில்டன் கிளேசர் 1966-இல் செய்த, பாடகர் பாப் டிலனின் போஸ்டரைப் பாருங்கள். கறுப்பு நிழலுருவான முகம் ஓவியர் மார்செல் டூஷானின் சுய உருவப்படத்திலிருந்து வந்த தூண்டுதல். வண்ண வண்ணமாக நெளியும் கூந்தல் இஸ்லாமிய ஓவியங்களிலிருந்து. இரண்டையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு குணத்தைத்தான் எடுத்தார்.

மூட்போர்டு (வேலைக்கு முன் மாதிரிப் படங்களை ஒட்டிவைக்கும் பலகை) போடும்போது கைக்கொள்ள வேண்டியதும் இதுவே. இருபது, இருபத்தைந்து ரெஃபரன்ஸ் போதும். அதில் பாதியாவது லோகோவாக இருக்கக் கூடாது. பழைய பயிர் வரைபடம், கதவுக் கைப்பிடி, இரயில் கால அட்டவணை, துணி மடிப்பு என்று துறைக்கு வெளியே போங்கள். பேக்கரி லோகோவுக்குப் பத்து பேக்கரி லோகோக்களை ஒட்டி வைத்தால் பதினொன்றாவது பேக்கரி லோகோதான் வரும், வேறென்ன வரும்? ஒவ்வொரு படத்தின் கீழும் அதிலிருந்து எடுக்கப்போவதை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘மேலே விட்ட காலி இடம்’, ‘மங்கலான செங்கல் நிறம்’, ‘கோடு முடியும் இடத்தில் உள்ள வெட்டு’. எழுத முடியவில்லை என்றால் அந்தப் படத்தின் உருவத்தின் மேல்தான் ஆசை, அதைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு படத்திலிருந்து ஒரு குணத்துக்கு மேல் வேண்டாம். முகவரியும் தேதியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலரும் தாவுகிறார்கள். மூட்போர்டை மூடிவிட வேண்டும். திரையில் ரெஃபரன்ஸ் திறந்திருக்க, பக்கத்தில் கோடு வரையும் பென் டூலைப் பிடித்தால் கை அதைத்தான் வரையும். எவ்வளவு திறமை இருந்தாலும் சரி. காகிதத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் முப்பது கிறுக்கல்கள். முதல் பத்தில் பார்த்ததெல்லாம் திரும்பி வரும், வரட்டும். இருபதைத் தாண்டிய பிறகுதான் சொந்தமாக ஏதாவது எட்டிப்பார்க்கும். அந்தக் காகிதத்தில் தேதி போட்டுப் படமெடுத்து வேலையின் ஃபோல்டரிலேயே வையுங்கள். பின்னால் யாராவது விரல் நீட்டினால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

காப்பியே அடிக்காமல் ஒன்றுபோல் அமைவதும் நடக்கும். டோக்கியோ 2020 ஒலிம்பிக்ஸுக்கு கெஞ்சிரோ சானோ செய்த சின்னம் 2015 ஜூலையில் வெளியானது. பெல்ஜியத்தின் லியேஜ் நாடக அரங்கின் லோகோவைப் போலவே இருக்கிறது என்று புகார் எழுந்தது. அதைப் பார்த்ததே இல்லை என்றார் அவர். உண்மையாகவே இருக்கலாம், வடிவம் எளிதாக ஆக இப்படிப் பொருந்திப்போகும் வாய்ப்பும் கூடும். ஆனால் அவருடைய ஸ்டூடியோவின் வேறு வேலைகளில் மற்றவர் படங்கள் புகுந்திருந்தது அடுத்தடுத்து வெளிவந்தது. அதன் பிறகு யார் நம்புவார்கள்? செப்டம்பர் 1 அன்று சின்னம் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே, முடிவான வடிவத்தைக் கிளையன்ட்டிடம் காட்டும் முன்பே தேடுங்கள், பிறகல்ல. படத்தைக் கொடுத்தால் அதைப் போன்ற படங்களைத் தேடித் தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் போடுங்கள். வண்ணத்தில் ஒரு முறை, கறுப்பு வெள்ளையில் ஒரு முறை, எழுத்தை நீக்கி உருவம் மட்டும் ஒரு முறை. வணிகச் சின்னங்களைத் தேட, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் இலவசம். அங்கே படத்தைக் கொடுத்தே தேடலாம். சின்னங்களில் உள்ள உருவங்களை எண்ணிட்டுப் பிரிக்கும் வியன்னா வகைப்பாட்டு எண் தெரிந்தால் இன்னும் கூர்மையாக வரும்: பறவை 3.7-இல், இலை 5.3-இல். இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்த இலைப் பறவை போர்டு ஏறியே இருக்காது. அரை மணி நேர வேலை.

“நான் காசு கொடுத்து ஸ்டாக்கில் (ஆயத்தப் படங்களை விற்கும் தளத்தில்) வாங்கினேன்” என்பவர்களிடம் கொஞ்சம் கோபமே வருகிறது. வாங்கியது பயன்படுத்தும் அனுமதி. அதே வெக்டாரை (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத, கோடுகளாலான படத்தை) அதே விலைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பெரிய ஸ்டாக் தளங்களின் வழக்கமான உரிமத்தில், இந்தப் படத்தை லோகோவிலோ வணிகச் சின்னத்திலோ சேர்க்கக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கும். டெம்ப்ளேட் ஆப்களில் கிடைக்கும் ஐகான்களுக்கும் இதே நிலைதான். துண்டறிக்கைக்குப் போடுங்கள், அழைப்பிதழுக்குப் போடுங்கள், லோகோவுக்கு வேண்டாம். ஏஐ உருவாக்கிய படம் என்றால் எதிர்ப்பக்கச் சிக்கல்: மனிதர் கை படாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலை. அதாவது நாளை வேறொருவர் அதை அப்படியே எடுத்தாலும், படம் என்ற அளவில் உங்களால் தடுக்க முடியாமல் போகலாம்.

ஃபான்ட்டைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. ‘பர்சனல் யூஸ்’ என்று எழுதிய எழுத்துருவைக் கடையின் பெயருக்குப் போட்டால் அது உரிம மீறல்தான். பொதுவாக டெஸ்க்டாப் உரிமம் வெப்சைட்டுக்குச் செல்லாது, ஆப்புக்குத் தனி உரிமம். ‘எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்’ என்ற திறந்த உரிமம் உள்ளவை வணிகத்துக்கும் லோகோவுக்கும் தாராளமாகச் செல்லும். ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. தமிழில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருக்கிறது. இன்னமும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சிட்டு அனுப்பி, திறக்கும் இடத்தில் ஏன் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது என்று கேட்காதீர்கள். இல்லஸ்ட்ரேட்டரில் யூனிகோட் ஒட்டியதும் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றால் ஃபான்ட்டைத் திட்டாமல், பத்தி அமைப்பில் தெற்காசியக் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். முடித்ததும் அவுட்லைன் ஆக்குங்கள், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றுங்கள். அவுட்லைன் ஆக்கும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள், தயவுசெய்து.

வேலை கொடுப்பவர்கள் கடைசித் தவணைப் பணத்தைத் தரும்முன் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் லோகோ ஆகாது. 1600 பிக்சல் அகலப் படம், 300 பிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட்டால் பதின்மூன்றரை சென்டிமீட்டருக்குத்தான் போதும். அதை இருபதடி போர்டுக்கு நீட்டினால் ஓரமெல்லாம் படிக்கட்டுதான் தெரியும். கேட்டு வாங்க வேண்டியவை: எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் வெக்டார் ஃபைல், ஒரே நிறப் பிரதி, இருண்ட பின்னணிக்கான வெள்ளைப் பிரதி, நிறங்களின் ஆர்ஜிபி (திரைக்கு), சிஎம்ஒய்கே (அச்சுக்கு) எண்கள். திரையில் பளீரென்று எரியும் நீலம் காகிதத்தில் ஊதா அடிக்கும். அச்சகத்தின் மேல் பழி போட வேண்டாம், தேர்ந்தெடுக்கும்போதே சோதனைத் தாள் கேளுங்கள். 16 பிக்சலிலும் 15 மில்லிமீட்டரிலும் லோகோ எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஃபான்ட் ரசீதையும் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேல், பதிப்புரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும் எழுத்து. பல நாடுகளில் பணம் கொடுத்தால் மட்டும் உரிமை தானாக வந்துவிடாது. சுதந்திரமாக வேலை செய்யும் டிசைனரிடமே அது தங்கிவிடும். ஒரு பக்கம் போதும், இரண்டு கையெழுத்து.

அடுத்த முறை படம் அனுப்பும்போது ‘இதே மாதிரி’க்குப் பதிலாக இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்: “இதில் எழுத்தைச் சுற்றி விட்டிருக்கும் இடம் பிடித்திருக்கிறது, நிறம் எனக்கு ஆகாது, பறவை வேண்டவே வேண்டாம்.” அப்படிச் சொல்லி வந்த வேலைக்கு அன்றைக்கே பென்சிலைச் சீவிவிடலாம்.