பொழுது சாய்ந்தபின் எல்லைக் கல்லை அளக்க வேண்டாம்

களக்காடு பக்கம் ஒரு வாழைத்தோட்டம். மார்ச் மாதம், இரவு ஏழரை மணி. செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தை அளக்கும் ரோவர் கருவியின் கம்பில் மட்டக் குமிழ் நடுவில்தான் நின்றது. திரையில் மட்டும் ‘ஃபிக்ஸ்’ (புள்ளி துல்லியமாகப் பிடிபட்டது) போய் ‘ஃப்ளோட்’ (இன்னும் உறுதியில்லை) வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் குறித்த அதே கல், இப்போது அரை மீட்டர் தள்ளிக் காட்டியது.

“தம்பி, கல்லு நடக்குமா?” என்றார் தோட்டக்காரர்.

“கல்லு அங்கனயேதான் இருக்கு அண்ணாச்சி. மேல அயனிமண்டலம் சரியில்ல. காலைல பாப்போம்.”

அயனிமண்டலம் என்பது மேல்வானத்தில் மின்னூட்டம் பெற்ற வாயு, அதாவது பிளாஸ்மா, இருக்கும் அடுக்கு. செயற்கைக்கோள் சிக்னல் அதைக் கடந்துதான் நம் கருவிக்கு வரும். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த இடத்தில் பிளாஸ்மா இரண்டுக்கும் குறுக்கே நகரும். துருவத்தில் அது நொடிக்குச் சில நூறு மீட்டர் போகும். புயல் நாளில் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். அங்கே அதை அளக்கும் விதம் சர்வேயர்களுக்குச் சட்டெனப் புரியும். சூப்பர்டார்ன் என்ற பன்னாட்டு வலையமைப்பின் ராடார்கள் 8 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை அனுப்புகின்றன. பிளாஸ்மாவில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் அதிர்வெண், ரயில் கடக்கும்போது ஹாரன் சத்தம் மாறுவது மாதிரி கொஞ்சம் மாறியிருக்கும். அதிலிருந்து வேகம் தெரியும். ஆனால் ஒரு ராடாருக்குத் தன்னை நோக்கி வருவதும் விலகுவதும்தான் தெரியும், குறுக்கே போவது தெரியாது. அதனால் வேறு இடத்திலிருந்து இன்னொரு ராடார் அதே வானத்தைப் பார்க்கும். எட்டாத கோபுர உச்சியை இரண்டு இடத்தில் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) வைத்துப் பிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வழி.

துருவத்துக் கதை நமக்கெதற்கு? சூரியப் புயலின்போது அங்கே எழும் மின்புலம் சில நிமிடங்களில் நம் வானத்தையும் தொட்டுவிடும். பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில்தான் போகிறது. இங்கே பிளாஸ்மா பகலில் மேல்நோக்கி எழும். சிற்பங்களுக்குப் பேர்போன, திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள காந்தமானி (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) பகலில் காட்டும் ஏற்றத்திலிருந்து, நடுக்கோட்டை விட்டுத் தள்ளியிருக்கும் மும்பை அருகே அலிபாக்கின் ஏற்றத்தைக் கழித்தால், சுமார் 105 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தின் பலம் கிடைக்கும். அதை வைத்துப் பிளாஸ்மா எழும் வேகத்தையும் கணிக்கிறார்கள்.

பொழுது சாய்ந்ததும் அந்த ஏற்றம் திடீரென்று வேகமெடுக்கும். அடியிலிருந்து பிளாஸ்மா மெலிந்த குமிழிகள் கிளம்பும். செயற்கைக்கோள் சிக்னல் அவற்றில் மாட்டி நடுங்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில், அதுவும் சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், நள்ளிரவு வரை இந்தத் தொல்லை அதிகம்.

தயவுசெய்து இடத்தை அளக்கப் பகலில் கூப்பிடுங்கள். இரவில் எடுத்த புள்ளி என்றால், ‘ஃபிக்ஸ் இருந்ததா?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அரை மீட்டருக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே கல்லின் மேல் கம்பை வைத்தேன். முந்தைய மத்தியானக் கணக்குக்கும் அதற்கும் இரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை.