மேற்கோள் வேறு, சான்று வேறு

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில், எங்கள் தெருவில் கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் பெண் ஒருத்தி, போன வாரம் தன் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்தாள். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றிய கட்டுரை. அவளுடைய அம்மாச்சியே அந்தத் தொழிலில் இருந்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்ப்பது, கட்டக்கோரைப் பாசியைக் கரையில் காயப்போடுவது என்று எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: ‘மேற்கோள்கள் போதாது, சேர்க்கவும்.’ அவளும் சேர்த்திருக்கிறாள். முயற்சியைப் பற்றி இரண்டு குறள், கடலைப் பற்றி ஒரு பழமொழி, மூன்றும் மேற்கோள் குறிக்குள். கட்டுரை மறுபடி திரும்பி வந்துவிட்டது.

“மேற்கோள்தான் போட்டுட்டேனே மாமா, இன்னும் என்ன கேக்குறாங்க?” என்றாள்.

அவர்கள் கேட்டது வேறு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு, 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின, 1989-ல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது என்று எழுதியிருக்கிறாளே, அதெல்லாம் எங்கிருந்து எடுத்தது என்பதுதான் கேள்வி. கேட்டவர்கள் தவறான சொல்லில் கேட்டார்கள். அவளிடம் இருந்த வழிகாட்டித் தாளையும் பார்த்தேன். ‘அனைத்து மேற்கோள்களையும் முறையாக மேற்கோள் காட்டவும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் quotation, citation என்று இரண்டு தனித்தனிச் சொற்களாக இருந்ததை ஒரே சொல்லில் திணித்ததால் வந்த வாக்கியம் இது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை சரியாக எழுதும்?

மேற்கோள் என்பது மேல், கோள் என்ற இரண்டின் சேர்க்கை. கோள், கொள் என்பதிலிருந்து வந்தது. பழைய தருக்க வழக்கில் இதற்கு நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து என்று பொருள். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது என்கிற காரணம், எடுத்துக்காட்டு என்றுதான் வாதம் நடக்கும். பிறர் சொன்னதை அப்படியே எடுத்து வைப்பது என்ற பொருள்தான் இன்று நிலைத்திருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த வேலைக்கு நல்ல சொல்.

சண்டை எங்கே என்றால், எடுத்த இடத்தைச் சொல்வதற்கும் அதே சொல்லைப் போடுவதில்தான். வழிகாட்டித் தாள், பாடநூல், தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளின் அடிப்பகுதி என்று எங்கும் ‘மேற்கோள்கள்’. விளைவு என்ன? மேற்கோள் குறிக்குள் இருப்பதற்கு மட்டும்தான் இடம் சொல்ல வேண்டும், சொந்த வாக்கியத்தில் மாற்றி எழுதிவிட்டால் வேண்டாம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு அவர்களையே திருட்டு எழுத்து என்று குற்றம் சொல்கிறோம். சொல்லே தப்பு வழி காட்டியிருக்கும்போது அது நியாயமில்லை.

நன்னூலார் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறார். பழைய சூத்திரங்களைத் தன் நூலில் ஏன் அப்படியே வைக்கிறோம் என்று சொல்லும் வெண்பாவில், ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்கிறார். பொருளை எடுப்பது ஒன்று, மொழியை எடுப்பது இன்னொன்று. மொழியை எடுத்தால் அது மேற்கோள். பொருளை மட்டும் எடுத்தாலும் கடன் கடன்தான், அதற்கும் இடம் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் பொதுவான சொல் மேற்கோளாக இருக்க முடியாது.

அது சான்று. சால் என்ற வேரிலிருந்து வந்தது. சாலுதல் என்றால் நிறைதல், போதுமாதல். ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் கரி என்பது சாட்சி, சாலும் என்பது போதும். சொன்னதைத் தாங்கிக்கொள்ளப் போதுமானது எதுவோ அது சான்று. ஆகவே சான்று காட்டு என்பது வினை. வரிக்கு இடையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் போடுவது சான்றுக் குறிப்பு. அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் ஏற்கெனவே நன்றாக வழங்குகின்றன, அவற்றைத் தொட வேண்டாம். ஆதாரம் என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு வழக்கில்லை. வடசொல் என்பதற்காகத் தெளிவான சொல்லைத் தள்ள மாட்டேன். இலங்கைத் தமிழரின் உசாத்துணை அருமையான சொல், ஆனால் கலந்து பார்த்த நூல்களின் பட்டியலுக்குத்தான் பொருந்தும். ‘குறிப்புகள்’ என்று மொட்டையாகப் போடுவது எதற்கும் உதவாது. அரசுக் கடிதத்தில் பொருள் என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று போட்டு, முந்தைய கடிதத்தின் எண்ணையும் நாளையும் எழுதுகிறார்களே, அதுவும் சான்று காட்டுவதுதான். ஆனால் அந்தச் சொல் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். அதே தாளில் ‘ஆசிரியரின் குடும்பப் பெயரை முதலில் எழுதுக’ என்று இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? உ.வே.சாமிநாதையரில் உ என்பது உத்தமதானபுரம், ஊர். வே என்பது வேங்கடசுப்பையர், தகப்பனார். இந்தப் பெண் அந்த விதியைப் படித்துவிட்டு ஒவ்வொரு ஆசிரியருக்கும் தலைப்பெழுத்தை முன்னால் கொண்டுவந்து, அதை அகர வரிசையில் அடுக்கியிருந்தாள். ‘இயற்பெயரை முதலில் எழுதி, தலைப்பெழுத்தைப் பின்னால் எழுதுக’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். வாக்கியத்தை மட்டும் பெயர்த்து, அது நம் ஊரில் செல்லுமா என்று பார்க்காமல் விடுவது பாதி வேலை.

இடம் சொல்வது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தொல்காப்பியம் முதல் சூத்திரத்திலேயே ‘முப்பஃது என்ப’ என்கிறது. என்ப என்றால், அவ்வாறு சொல்வார்கள். இன்றும் கடற்கரையில் ‘நாளைக்குக் காத்து மாறுமாம்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ‘ஆம்’ போதும், தான் பார்த்ததில்லை, கேட்டது என்று தெரிந்துவிடும். ‘யாரு சொன்னா?’ என்று அடுத்தவர் உடனே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் சான்றுக் குறிப்பு என்று சொன்னதும் அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

“அப்போ அம்மாச்சி சொன்னதுக்கும் போடணுமா மாமா?”

கட்டாயம் போட வேண்டும் என்றேன். தகவலாளர் பெயர், வயது, ஊர், தொழில், பேசிய நாள். நாள்தான் அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அமாவாசைக்கு மறுநாள், நீர் நன்றாக வத்தியிருந்த அன்றைக்கு என்று அம்மாச்சி சொன்னாராம். காலண்டரைப் பார்த்துத் தேதியை எழுதிக்கொண்டோம்.