ஊறுகாய் எப்படி ரூகாய் ஆனது?

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “நாம் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் பொம்தாமூர் (தக்காளி) ரூகாய்க்கும் தமிழ்நாட்டு ஊறுகாய்க்கும் பெயர் ஒத்துப்போவது தற்செயலா? ஒன்றில் தக்காளி, வெங்காயம், தைம் இலை. மற்றதில் எண்ணெய், உப்பு, வெயில். எப்படிச் சேரும்?”

தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே சொல்தான். மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு இது. பண்டம் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓசை மாறிய விதத்தில்தான் சுவை இருக்கிறது.

பண்டம் மாறிய வழியைப் பார்க்க பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போக வேண்டும். மொரீஷியஸில் ரூகாய் என்றால் பெரும்பாலும் சமைத்த தக்காளிக் குழம்பு. அதில் தொத்திறைச்சியோ கருவாடோ போடுவார்கள். ரீயூனியனில் சமைத்த ரூகாயும் உண்டு, பச்சை ரூகாயும் உண்டு. மாங்காய், மிளகாய், உப்பு சேர்த்து இடித்தால் மாங்காய் ரூகாய். வேர்க்கடலை, எலுமிச்சை, தக்காளி எதிலும் செய்யலாம். தட்டின் ஓரத்தில் சிறிதளவு வைத்துத் தொட்டுக்கொள்வது இது. அதாவது ஊறுகாயின் வேலை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது, ஊறவைப்பதுதான் போய்விட்டது. தொட்டுக்கொள்ள இருந்த பச்சைத் தக்காளி அடுப்பேறியதும் குழம்பாகிவிட்டது.

ஊறவைத்த பண்டத்துக்கு என்ன பெயர் என்றால், அஷார். பாரசீகத்தில் ஆச்சார்; போர்த்துக்கீசியர் அதை இந்துமாக்கடல் முழுக்கக் கொண்டுபோனார்கள். இந்தியில் அச்சார், மலாயில் ஆச்சார், சிங்களத்தில் அச்சாறு, தென்னாப்பிரிக்காவில் அச்சார். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதறாசிலிருந்து டர்பனுக்குப் போனவர்களோடும் ஊறுகாய் என்ற சொல் போயிருக்கும். ஆனால் அங்கே கடைத்தெருவில் நின்றது அச்சார்தான். பரணியின் மேல் ஒட்டியிருந்த பெயரை அஷார் எடுத்துக்கொண்டதால், நம் தீவுகளில் ஊறுகாய் வேறு வேலை தேடிக்கொண்டது என்பது என் கணிப்பு.

இனி ஓசை. ரூகாய் என்பதைப் பிரெஞ்சில் எழுதுகையில் நடுவில் வருவது கே எழுத்து அல்ல, கியூவும் அல்ல, ஜி. தமிழில் நாம் ஊறுகாய்க்கு எழுதுவதும் கடலுக்கு எழுதுவதும் ஒரே க. பிரெஞ்சுக்காரர் காதில் மட்டும் அது ஏன் ஜி ஆனது? கறியிலிருந்து வந்த காறி என்ற சொல்லில் அதே க ஏன் கே ஓசையாகவே நின்றது?

தொண்டையில், குரல்வளைமேல் விரலை வைத்துக்கொண்டு மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள்: கடல், பகல், பக்கம். ‘பகல்’ சொல்லும்போது விரலுக்குக் கீழே அதிர்வு அறுபடாமல் ஓடும். ‘பக்கம்’ சொல்லும்போது நடுவில் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். ‘கடல்’ சொல்லும்போது க திறந்த பிறகுதான் அதிர்வே ஆரம்பிக்கும்.

க சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி மெல்லண்ணத்தை அடைக்கிறது. நுரையீரல் தள்ளும் காற்று அந்த அடைப்புக்குப் பின்னால் தேங்குகிறது. பிறகு அடைப்பு திறக்கிறது. மூன்று சொல்லிலும் நாக்கு செய்வது இதைத்தான். வேறுபாடு கீழே, குரல்நாண்களில். அவை இரண்டும் நெருங்கி நிற்க, நடுவே காற்று ஓடினால் அதிரும்; ஆண்குரலில் நொடிக்கு ஏறக்குறைய 120 தடவை, பெண்குரலில் 200 தடவை. காற்று ஓட வேண்டுமென்றால் நாண்களுக்குக் கீழே அழுத்தம் கூடுதலாகவும், மேலே, வாய்க்குள், குறைவாகவும் இருக்க வேண்டும். அடைப்பு விழுந்ததும் வாய்க்குள் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. குழாயால் இணைத்த இரண்டு குடங்களில் நீர்மட்டம் சமமானால் ஓட்டம் நின்றுபோகுமே, அதுபோல மேலும் கீழும் அழுத்தம் சமமானால் காற்று நிற்கும், அதிர்வும் அடங்கும்.

ஆகவே எல்லாம் அடைப்பு நீடிக்கும் நேரத்தைப் பொறுத்தது. ‘பகல்’ என்பதில் முன்னும் பின்னும் அகரம். நாண்கள் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒற்றைக் க குறுகியது. வாய்க்குள் அழுத்தம் சமமாவதற்குள் அடைப்பு திறந்துவிடுகிறது, அதிர்வு தப்பிப் பிழைக்கிறது. அதை நிறுத்த வேண்டுமானால் நாண்களை வலிந்து விலக்க வேண்டும். தமிழருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை, ஏனெனில் க அதிர்ந்தாலும் அதிராவிட்டாலும் தமிழில் பொருள் மாறாது. ‘பக்கம்’ என்பதில் அடைப்பு இரு மடங்கோ அதற்கு மேலோ நீள்கிறது. அழுத்தம் சமமாகி அதிர்வு செத்துவிடுகிறது. ‘கடல்’ என்பதில் க-வுக்கு முன் உயிரே இல்லை; தொடர்வதற்கு அதிர்வும் இல்லை. ‘பங்கு’ என்பதில் வேறொரு வசதி உண்டு. ங் சொல்லும்போது வாய் மூடியிருந்தாலும் மூக்கு திறந்திருப்பதால் காற்று அந்த வழியே போய்விடும். மூக்கு மூடிய பிறகு எஞ்சும் அடைப்பு மிகச் சிறியது. அதனால் அங்கேயும் க அதிரும்.

தமிழ் நெடுங்கணக்கில் க-வுக்கு ஒரே எழுத்து போதுமானதற்கு இந்த ஒழுங்குதான் காரணம். சொல்லில் இருக்கும் இடமே ஓசையைச் சொல்லிவிடும். பிரெஞ்சில் அப்படியில்லை. பஸ்ஸுக்கு ‘கார்’, பஸ் நிலையத்துக்கும் ‘கார்’ என்றுதான் நாம் தமிழில் எழுத முடியும். பிரெஞ்சில் முதலது அதிராத க, இரண்டாவது அதிரும் க. வித்தியாசம் தெரியாவிட்டால் விக்டோரியா நிலையத்துக்கு வழி கேட்க முடியாது. அப்படிப் பழகிய காது தமிழரின் ஊறுகாயைக் கேட்டபோது, தமிழருக்கே தெரியாத அதிர்வைக் கேட்டு எழுதி வைத்தது. தமிழ் எழுத்து மறைத்துவிட்ட ஓசையை அந்த ஜி எழுத்து பதிவு செய்திருக்கிறது.

ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மற்றவற்றையும் சோதிப்போம். கறி, சொல்முதல் க: இரு தீவுகளிலும் ‘காறி’, அதிராதது. முருங்கை, ங்-ஐ அடுத்த க: ரீயூனியனில் ‘முருங்’, அதிரும் ஓசை. கருவேப்பிலை, இரட்டித்த ப்ப: ரீயூனியனில் ‘காலுபிலே’, மொரீஷியஸில் ‘காரிபுலே’, இரண்டிலும் ப அதிராத ப, ஒரு இடத்திலும் ‘பால்’ சொல்லின் ப-வுக்குப் பதில் ‘பஸ்’ சொல்லின் ப வந்துவிடவில்லை. ஆங்கிலேயரும் தனியாக இதே சாட்சியைத் தருகிறார்கள். மிளகுத்தண்ணீரை அவர்கள் ‘மல்லிகட்டானி’ என்று எழுதியபோது கு-வுக்கு ஜி போட்டார்கள், த்த-வுக்கு அதிராத ஓசைக்கான எழுத்தைப் போட்டார்கள். கட்டுமரத்தில் ட்ட அதிரவில்லை, பந்தலில் ந்த அதிர்ந்தது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பேசி வைத்துக்கொண்டு எழுதியிருக்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பீர்க்கங்காய். மொரீஷியஸ் சந்தையில் அது ‘பிப்பங்காய்’. பேச்சில் ர் ஏற்கெனவே உதிர்ந்து ‘பீக்கங்காய்’ ஆகியிருந்தது. பிறகு நடுவில் இருந்த க்க, முன்னால் நிற்கும் ப-வைப் பார்த்துத் தானும் ப ஆகிவிட்டது. ஓசைகள் இப்படித் தூரத்திலிருந்தே ஒன்றையொன்று இழுப்பது பல மொழிகளில் உண்டு. ஆனால் கவனியுங்கள்: இடம் மாறி உதட்டுக்கு வந்தும் அது அதிராத ஓசையாகவே இருக்கிறது. இரட்டித்த க்க-வின் அடையாளத்தை விடவில்லை. அதே சொல்லின் கடைசியில் இருக்கும் ங்கா மட்டும் ஒழுங்காக அதிர்கிறது. ஒரே காய்க்குள் இரண்டு விதியும்!

க-வுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ப சொல்லும்போது அடைப்பு உதட்டில். பின்னால் வாய் முழுவதும் காலி, கன்னமும் சற்று உப்பும். க சொல்லும்போது அடைப்பு தொண்டைக்குப் பக்கத்திலேயே. காற்றுக்கு இடம் மிகக் குறைவு, அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். அதிரும் க-வை நீடித்துச் சொல்வது கடினம். அதனால் பேச்சு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறது: முழுதாக அடைக்காமல் விட்டுவிடுகிறது. மகன் ‘மஹன்’ ஆவது இதனால்தான். ஊறுகாயைச் சொன்ன அந்த முதல் வாய்கள் ‘ஊறுஹாய்’ என்று சொல்லியிருந்தால், ஹகரமே இல்லாத பிரெஞ்சுக்காது நடுவில் ஒன்றையும் கேட்டிருக்காது. ஜி எழுதினார்கள் என்றால் நாக்கு மெல்லண்ணத்தைத் தொட்டிருக்கிறது, அல்லது ஏறக்குறைய தொட்டிருக்கிறது.

முன்னால் இருந்த ஊகாரம் எங்கே? ர-வுக்கு இருபுறமும் உகர ஓசையாக இருந்தால் ர எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்நியக் காதுக்குப் பிடிபடுவதில்லை. இரண்டும் ஒன்றாகி ‘ரூ’ என்று விழும். திராவிட மொழிகளுக்கே இது புதிதல்ல: தமிழ் உரல் தெலுங்கில் ‘ரோலு’. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு, பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவுப் பேச்சுமொழியான கிரியோலில் வேறு கதியும் உண்டு. பிரெஞ்சுப் பன்மைச் சுட்டின் வால் ஒட்டி ஓர் இரைச்சலான ஸகரம் முளைக்கும். பறவை ‘ஸ்வாஸோ’, அஷார் ‘ஸாஸார்’. அந்த வழி போயிருந்தால் நாம் இன்று ‘ஸூருகாய்’ சாப்பிட்டிருப்போம்.

தெலுங்கு வாசகர்கள் இங்கே கை தூக்குவார்கள். தெலுங்கிலும் ‘ஊரகாய’ உண்டு, அதிலும் நடுவில் அதிரும் க. நியாயமான கேள்வி. இரண்டு இடங்களைப் பாருங்கள். ர-வுக்குப் பின் தெலுங்கில் அகரம். முன் உயிர் உதிர்ந்தால் மிஞ்சுவது ‘ரகாய’. தமிழில் மிஞ்சுவது ‘ருகாய்’. கடைசியில் தெலுங்குச் சொல் உயிரில் முடிகிறது, தமிழ்ச் சொல் யகர மெய்யில் முடிகிறது. ரூகாயும் யகரத்தில்தான் முடிகிறது. தராசு தமிழ்ப் பக்கம் சாய்கிறது. கன்னடம் போட்டியிலேயே இல்லை, அங்கே ‘உப்பினகாயி’. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுப் பேச்சில் பலர் இன்று ‘ஊறுகா’ என்று யகரத்தை விழுங்கிவிடுகிறார்கள். கிரியோல் பேசுபவர் விழுங்கவில்லை.

பேச்சுத் தமிழை உள்ளபடி பிடித்து வைத்த இன்னொரு சொல் நம் ‘ரசோன்’. ஏழு கறிச் சாப்பாட்டில் வாழையிலைக்கு வரும் ரசம்தான். எழுத்தில் மகரம்; பேச்சில் அந்த மகரம் உதடு மூடாமல், மூக்கால் ஒலிக்கும் உயிராகிவிடும். பிரெஞ்சில் மூக்குயிர் தயாராக இருந்ததால் அப்படியே ஏற்றுக்கொண்டது.

போலி விளக்கங்களைச் சோதிக்கவும் இதே கருவி போதும். ரூகாய் என்பதை ‘ரூஜ்’ என்ற சிவப்பு, ‘ஆய்’ என்ற பூண்டு என்று பிரிக்கத் தோன்றும். பிரெஞ்சில் நிறப்பெயர் பொருளுக்குப் பின்னால் வரும். ரூஜ் சொல்லின் கடைசி ஓசை ஷகரத்தை ஒத்தது. ஒட்டினால் ‘ரூஷாய்’ ஆகுமே தவிர ரூகாய் ஆகாது. மாங்காய் ரூகாயில் சிவப்பும் கிடையாது. காரிபுலேயைக் கோழிக்கறி என்று நினைத்து ‘புலே’யைக் கோழியாக (பிரெஞ்சில் கோழிக்கு ‘புலே’) எழுதுவோரும் உண்டு, அந்த இலைக்குக் கோழியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. மறுபக்கம் நம்மவர்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சமையலுக்கு ‘கியூரி’ என்று ஒரு சொல் இருந்ததைக் காட்டி, சோழர் காலத்திலேயே கறி லண்டன் போய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அது பழைய பிரெஞ்சுச் சொல். சமையல் என்ற தொழிலைக் குறித்தது. ஓசை ஒத்திருப்பது மட்டும் சான்று ஆகாது. ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன நடந்தது என்று சொல்ல முடிய வேண்டும், அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்க வேண்டும், சொல் பயணம் செய்த வழியும் தெரிய வேண்டும். ‘தமிழே எல்லாவற்றுக்கும் தாய்’ என்பது ராகுகாலம் பார்ப்பது மாதிரியான நம்பிக்கை. அதனால் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை.

உருப்படியான வேலை வேறு இருக்கிறது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. பெயர், ஊர் எல்லாம் காகிதத்தில் கிடைக்கும், ஓசை கிடைக்காது. ஓசை இருப்பது வயதானவர்கள் வாயில். கோபுரத்துக்கு வண்ணம் பூசத் திரட்டும் பணத்தில் சிறு பங்கை அந்த ஓசையைப் பதிவு செய்ய ஒதுக்கினால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

செலவும் அதிகமில்லை. கைப்பேசி போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூச்சு நேராகப் படாமல் சற்று பக்கவாட்டில் பிடியுங்கள். 44,100 ஹெர்ட்ஸில், வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அடைப்புக்குள் கேட்கும் மெல்லிய அதிர்வை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், படித்த பாட்டிகள் உடனே மேடைத்தமிழுக்கு மாறிவிடுவார்கள். பீர்க்கங்காயையே கையில் கொடுத்து ‘இது என்ன?’ என்று கேளுங்கள். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்து மூன்று முறை சொல்ல வையுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஒலிப்படம் வரும். அடைப்பு வெள்ளை இடைவெளியாகத் தெரியும். அதன் அடியில் கறுப்புப் பட்டை ஓடினால் அதிரும் க, இல்லாவிட்டால் அதிராத க. ஏமாற்றக்கூடியது மின்சாரம். நம் ஊர் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். குளிர்பெட்டியும் மின்விசிறியும் 50இலும் 100இலும் முனகும். 100 என்பது ஆண்குரலுக்கு மிக அருகில் இருப்பதால் அந்த முனகலும் அதே இடத்தில் கறுப்புப் பட்டையாக விழும். பேச்சே இல்லாத ஒரு நொடியை முதலில் பார்த்து அங்கும் பட்டை இருந்தால், குளிர்பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி பதியுங்கள்.