ஊற்றிய தண்ணீரும் உள்ளே போன சரக்கும்

"தண்ணி உண்டா?" என்று டாக்டர் கேட்டால், நம் ஊரில் யாரும் குடிநீரைப் பற்றிய கேள்வி என்று நினைப்பதில்லை. அதற்கு எனக்குக் கிடைக்கும் பதில்களில் அதிகம் கேட்டது இதுதான்: "உண்டு சார், ஆனா தண்ணி நிறைய ஊத்தித்தான்." முதல் தண்ணி வேறு, இரண்டாவது தண்ணி வேறு. இரண்டாவது முதலாவதன் பாவத்தைக் கழுவிவிடும் என்று சொல்பவர் உறுதியாக நம்புகிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் மனைவியோடு வந்தார். வயது 46, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). முழு உடல் பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் சொன்னது. ஜிஜிடி என்கிற நொதி 212. சாதாரணமாக இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல். பழக்கத்தைக் கேட்டேன்.

"தினமும் ரெண்டு லார்ஜ்தான் சார். ராவா எல்லாம் கிடையாது. ஒரு பங்கு சரக்குன்னா ரெண்டு பங்கு தண்ணி, மேல ஐஸ். அப்படிக் குடிச்சா டேஸ்ட்டும் நல்லா இருக்கும், உடம்புக்கும் ஒண்ணும் பண்ணாது. விஞ்ஞானிங்களே கண்டுபிடிச்சிருக்காங்க." போனை எடுத்து ஒரு வீடியோவை நீட்டினார். விஸ்கியில் தண்ணீர் சேர்த்தால் சுவை கூடும் என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்ததாக அதில் ஒருவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வீடியோ சொன்னது பொய்யில்லை. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் செய்த ஆய்வு அது. 2017-இல் வெளியானது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளில் ஒரு புகை வாசனை வரும். பார்லியை முளைக்கவிட்டு, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த 'பீட்' மண்ணை எரித்து, அந்தப் புகையில் காயவைப்பதால் வருவது. அந்த மணத்தைத் தரும் பொருட்களில் ஒன்று குவாயகோல். தண்ணீரும் ஆல்கஹாலும் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும்போது இந்த மூலக்கூறு எங்கே போய் நிற்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் குவாயகோல் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மூக்குக்கு எட்டுவது மேலே நிற்பதுதான் என்பதால், தண்ணீர் சேர்த்தால் மணம் கூடும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஸ்காட்லாந்தில் பீப்பாயில் இறக்கும்போது விஸ்கி பெரும்பாலும் 63 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வருடக்கணக்கில் ஊறியபின் அதை அப்படியே பாட்டிலில் அடைத்து விற்பதும் உண்டு. 55, 60 சதவீதத்தில் வரும் அந்தச் சரக்கில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டால் மணம் திறக்கும் என்று ரசித்துக் குடிப்பவர்கள் சொல்வது அனுபவத்தில் விளைந்த பேச்சு. வெவ்வேறு பீப்பாய்களை முகர்ந்து கலவையை முடிவு செய்பவர்களும் ஆல்கஹால் 20 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை தண்ணீர் விட்டுத்தான் முகர்கிறார்கள். இல்லாவிட்டால் காலை பத்து மணிக்கே மூக்கு மரத்துப்போகும்.

சரி, நம் ஆள் குடிப்பது என்ன? லேபிளைப் பாருங்கள் என்றேன். 42.8 சதவீதம். இந்தியாவில் விற்கும் விஸ்கிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. அதாவது பாட்டிலின் மூடியைத் திருகும் முன்பே, உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர். ஸ்வீடன் ஆய்வு சொன்ன வேலையைத் தொழிற்சாலையே முடித்து அனுப்பிவிட்டது. தவிர, நம் ஊரில் விலை குறைந்த விஸ்கிகள் பல, கரும்பு மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த வாசனையற்ற ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் விஸ்கியைக் கலந்து, நிறத்துக்குக் கேரமல் சேர்த்துச் செய்பவை. மொலாசஸ் ஸ்பிரிட் கலந்ததை ஐரோப்பாவில் விஸ்கி என்று சொல்லி விற்கவே முடியாது. திறந்து காட்ட அதிகம் மணம் இல்லாத இடத்தில் தண்ணீர் எதைத் திறக்கும்?

ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்பது எந்தச் சுவைக் கணக்கிலும் வராது. அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2023-இல் வந்த ஆய்வொன்று, கலவையில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே விஸ்கிகளுக்கு இடையிலான மண வேறுபாடு மங்கிவிடுகிறது என்கிறது. ஜப்பானில் 'மிஸுவாரி' என்று நிறையத் தண்ணீர் விட்டுக் குடிப்பார்கள். அது சாப்பாட்டோடு நீளமாக உறிஞ்சுவதற்கான பானம், முகர்ந்து பார்ப்பதற்கானதல்ல. ஐஸ் கதையோ நேர் எதிர். குளிர்ந்த திரவத்திலிருந்து மணப்பொருட்கள் ஆவியாவது குறைவு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாம்பழம் மணக்குமா? அதேதான்.

பிறகு ஏன் ஐஸ் போட்டால் 'டேஸ்ட்டா' இருக்கிறது? என் தொழிலுக்கு வேண்டிய கேள்வி இதுதான்.

நம் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மிளகாய் கடித்தால் எரிகிறதே, அதே முனைகள். வழக்கமாக 42 டிகிரி சூட்டுக்கு மேல்தான் அவை கூச்சல் போடும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது என்று 2002-இல் காட்டியிருக்கிறார்கள். நம் உடம்புச் சூடு 37. ஆகவே ராவாகக் குடிப்பவருக்குத் தன் உடம்புச் சூடே சுடுகிறது. தண்ணீர் ஊற்றினால் ஆல்கஹாலின் செறிவு குறைகிறது, ஐஸ் போட்டால் சூடும் குறைகிறது. எரிச்சல் அடங்கிவிடுகிறது. அதைத்தான் நாக்கு 'நல்லா இருக்கு' என்று எடுத்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் குரைக்கும் நாய்க்கு பிஸ்கட் போடுவதைப் போன்ற காரியம். நாய் அடங்கியதே தவிர, உள்ளே நுழைகிறவன் நுழைந்துகொண்டுதான் இருக்கிறான்.

அன்று அவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் மேஜையில் வைத்து, "இதைச் சரக்குன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு லார்ஜ் ஊத்திக் காட்டுங்க" என்றேன். சிரித்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு பாட்டிலைச் சாய்த்து, கை பழகிய வேகத்தில் ஊற்றி நிமிர்த்தினார். டம்ளரில் இருந்ததை லேபிலிருந்து வாங்கிவரச் சொன்ன அளவு ஜாடியில் கொட்டினேன். 92 மில்லி.

லார்ஜ் என்றால் 60 மில்லி. அவருடைய லார்ஜ் ஒன்றரை லார்ஜ்.

"அது சும்மா தண்ணிங்கறதால கொஞ்சம் கூட விழுந்திருக்கும்" என்றார். அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி, "ஃபுல் பாட்டில் நாலு நாள்தாங்க வருது டாக்டர்" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 மில்லியில் தினம் 120 எடுத்தால் ஆறு நாள் தாண்டும். நான்கு நாளில் தீர்ந்தால் தினம் ஒரு குவார்ட்டருக்கும் மேல்.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 7, 8 கிராமைத்தான் கையாளும். இரவு பத்து மணிக்கு டம்ளரைக் கவிழ்த்தவருக்கு மறுநாள் காலை டிபன் வரை அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும். இதில் அரை லிட்டர் தண்ணீர் கலந்தாலும் 61 கிராம்தான், ஒரு வாளி கலந்தாலும் 61 கிராம்தான். சாம்பாரில் தண்ணீர் விட்டால் உறைப்பு குறையும். போட்ட மிளகாயின் எண்ணிக்கை குறையாது. பிரிட்டனில் 2016-இல் வந்த வழிகாட்டுதல் வாரத்துக்கு 112 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இவருக்கு அது இரண்டு நாளில் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனமோ, 2023-இல், பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டது.

தண்ணீர் கலப்பதில் நல்லதே இல்லையா என்று கேட்டால், உண்டு. ராவாக இறங்கும் சரக்கு உணவுக்குழாயையும் இரைப்பையின் உட்சவ்வையும் அரிக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் குமட்டலோடு வருகிறவர்களில் ராவாக அடிப்பவர்கள் அதிகம். நீர்த்தால் அந்த அரிப்பு குறையும். மது சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் என்பதால், இடையிடையே குடிக்கும் தண்ணீர் மறுநாள் நாவறட்சியைக் கொஞ்சம் தணிக்கும். வயிற்றுக்கும் தொண்டைக்கும் கிடைக்கும் இந்தச் சலுகை கல்லீரலுக்குக் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராவாக 90 மில்லியை யாராலும் மடமடவென்று குடிக்க முடியாது, தொண்டை விடாது. ஐஸ் போட்டு நீர்த்தால் எலுமிச்சை ஜூஸ் மாதிரி இறங்கும். மேலும், 40 சதவீதச் சரக்கு வயிற்றில் சற்றுத் தயங்கி நிற்கும். 20, 30 சதவீதத்துக்கு நீர்த்தது குடலுக்குச் சீக்கிரம் போய் ரத்தத்தில் ஏறும். சோடா கலந்தால் பலருக்கு இன்னும் வேகம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் சரியாக அளந்து ஒரு லார்ஜ் குடித்தாலே, ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்கிற சட்ட எல்லையைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. "தண்ணி ஊத்தித்தான் சார் குடிச்சேன்" என்று டிராபிக் போலீஸிடம் சொல்லிப் பார்க்கலாம்.

ஐஸைப் பற்றி இன்னும் ஒன்று. கோடையில் வயிற்றுப்போக்கோடு நாலைந்து பேர் ஒரே கும்பலாக வருவார்கள். முந்தின நாள் மொட்டைமாடியில் யாருக்கோ பார்ட்டி. பிரியாணி மேல் பழி விழும். ஐஸ் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், மீன் வண்டிக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருப்பார்கள். "சரக்குல போட்டா கிருமி செத்துடும்ல?" சாகாது. கையில் தடவும் சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் கலந்த டம்ளரில் இருப்பது 14 சதவீதம். அது கிருமிக்குப் போதை ஏற்றினாலும் ஏற்றும், கொல்லாது. உணவுப் பொருளைக் குளிரவைக்க மட்டும் செய்த ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-லேயே சொல்லியிருக்கிறது. நீலமாகத் தெரிந்தால் வாயில் போடாதீர்கள். வெள்ளையாக இருப்பதாலேயே நல்ல ஐஸ் என்றும் எண்ண வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனிக்க: சாப்பிடாமல் குடித்தால் சில மருந்துகளோடு சேர்ந்து சர்க்கரை அபாயமாக இறங்கும். வியர்வை, குழறல், தள்ளாட்டம் எல்லாம் வரும். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துப் போர்த்திவிடுவார்கள். தண்ணீர் கலந்து குடித்தவருக்கும் இதே கதிதான்.

நம் லாரி புக்கிங்காரருக்கு வருகிறேன். முழுக்க நிறுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் அன்று இரவே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று விட்டால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாறிப் பிதற்றுவது வரை போகலாம். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. அதனால் மாத்திரை கொடுத்து, கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்கும் திட்டம் போட்டோம். வீராப்பாக 'நாளையிலிருந்து தொடமாட்டேன்' என்று கிளம்புகிறவர்கள் முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். பாத்திரக்கடையில் 30 மில்லி அளவுக் கிண்ணம் ஒன்று வாங்கியிருக்கிறார். "அளந்து ஊத்தினா டம்ளர் அடியில எங்க இருக்குன்னே தெரியல சார்" என்று குறைபட்டுக்கொண்டார். ஐஸையும் விட்டுவிட்டாராம். "இப்பத்தான் தெரியுது, அந்தச் சரக்கு நாத்தம்தான் சார் அடிக்குது."

போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்தோம். ஜிஜிடி 131. அவர் பேசும் முன்பே மனைவி கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பாட்டில் வாங்கிய தேதியையும் தீர்ந்த தேதியையும் குறித்து வைத்திருந்தார். கடைசி பாட்டில் பதினோரு நாள் வந்திருக்கிறது. அவர் அதைப் பரீட்சை மார்க் போலப் பார்த்துச் சிரித்தார். இன்னும் தினம் ஒரு லார்ஜுக்குக் குறையாமல் போகிறது என்று சீட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடுத்த மாதம் அதே சீட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.