வாக்யூ: சொல்லும் பொருளும், அதைத் தேடிப் போக வேண்டிய ஊர்களும்

வாக்யூ ஒரு ஜப்பானியச் சொல், அந்த நாட்டின் பேர்போன மாட்டுக்கறிக்கு வழங்கும் பெயர். 'பாக்யம்' என்பதில் 'க்' எப்படி ஒலிக்கிறதோ அப்படியே இதிலும் மெல்ல ஒலிக்க வேண்டும், 'வாக்கியம்' போல அழுத்தக் கூடாது. ஜப்பானியர் வாயில் முதல் எழுத்து குறில்தான், 'வக்யூ' என்றுதான் காதில் விழும். நம்மிடையே 'வாக்யூ' ஊன்றிவிட்டதால் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

இதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'க்யூ' என்றால் மாடு. 'வ' என்பது ஜப்பானைக் குறிக்கும் பழைய பெயர். ஜப்பானிய உணவு வஷோக்கு, கையால் செய்யும் ஜப்பானியக் காகிதம் வஷி. வெளிநாட்டுச் சரக்கோடு ஒப்பிட்டு 'இது நம்முடையது' என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் இந்த 'வ' வந்து ஒட்டிக்கொள்ளும். மேற்கத்திய உணவு வந்த பிறகே வஷோக்கு என்று தனியாகச் சொல்லும் தேவை வந்தது. வாக்யூவும் அப்படித்தான்.

தமிழில் இதற்கு நேரான சொல் நம் நாக்கிலேயே இருக்கிறது: நாட்டு மாடு. சீமை மாடு வந்த பிறகு நாம் 'நாட்டு' என்று அடைமொழி சேர்த்த அதே மனநிலையில்தான் அவர்கள் 'வ' சேர்த்தார்கள். ஆகவே வாக்யூ என்றால் 'ஜப்பான் நாட்டு மாடு', அதன் கறி 'ஜப்பான் நாட்டு மாட்டுக்கறி'. சில இடங்களில் 'உயர்தர ஜப்பானிய மாட்டிறைச்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொல்லில் தரம் எங்கும் இல்லை, இனம் மட்டுமே இருக்கிறது.

சட்டப்படியும் இது இனப்பெயர்தான். நான்கு இனங்களுக்கும், அவற்றைத் தங்களுக்குள் கலந்து பிறந்தவற்றுக்கும் மட்டுமே ஜப்பானில் இந்தப் பெயர் பொருந்தும். முதலாவது கருமாடு. சந்தைக்கு வரும் வாக்யூவில் பெரும்பகுதி இதுதான். இரண்டாவது செவலை, குமாமோத்தோவிலும் கோச்சியிலும் வளர்வது. 'அகா உஷி' என்பார்கள். 'அகா' சிவப்பு, 'உஷி' மாடு. ('க்யூ' சீனவழி ஒலிப்பு, 'உஷி' அவர்களின் சொந்தச் சொல். எழுதும் எழுத்து ஒன்றே.) மூன்றாவது யாமாகுச்சியின் கொம்பில்லா மாடு. நம் ஊரில் மோழை என்போமே, அது. நான்காவது இவாத்தே பக்கத்துக் குட்டைக்கொம்பு மாடு. முதல் மூன்றும் 1944இல் தனி இனங்களாக ஏற்கப்பட்டன, நான்காவது 1957இல். கருமாடு, செவலை, மோழை, குட்டைக்கொம்பு. நான்குக்கும் நம்மிடம் பெயர் இருக்கும்போது ஆங்கிலப் பெயர்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்த மாடுகள் ஆதியில் கறிக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. உழவும் பாரமும்தான் அவற்றின் வேலை. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் கறியை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணக் கூடாதென்று ஆணையிட்டார். பௌத்தப் பின்னணியில் அந்த ஒதுக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. விதிவிலக்காக, இன்றைய ஷிகா மாகாணத்தின் ஹிகோனே சிற்றரசிலிருந்து மிசோவில் (புளிக்கவைத்த சோயா விழுதில்) ஊறவைத்த மாட்டிறைச்சி, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கு மருந்து என்ற பெயரில் காணிக்கையாகப் போனது. 1868இல் கோபே துறைமுகம் திறந்தது, வெள்ளைக்காரர்கள் உள்ளூர் மாட்டைச் சுவைத்தார்கள். 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வந்ததும் ஊர் மனம் மாறியது. அடுத்து, மாட்டைப் பெரிதாக்குவதற்காக ஐரோப்பிய இனங்களைக் கொண்டுவந்து கலந்தார்கள். உருவம் பெருத்தது, ஆனால் வேலைத்திறனும் கறியின் தரமும் எதிர்பார்த்தபடி வரவில்லை. கலப்பை நிறுத்தி, கிடைத்ததில் நல்லதைப் பொறுக்கிப் பெருக்கினார்கள். அப்படி உருவானவைதான் இன்றைய இனங்கள்.

இனி, குழப்பும் இன்னொரு சொல்: 'கொக்குசான் க்யூ'. 'உள்நாட்டு மாடு' என்று பொருள். ஜப்பான் உணவக அட்டையில் இதைப் பார்த்ததும் வாக்யூ என்று எண்ணிவிடுகிறோம். ஜப்பானில் வளர்ந்த எந்த மாடும், பால் தரும் ஹோல்ஸ்டீன் உட்பட, இந்தப் பெயருக்குள் அடங்கும். வாக்யூ வேண்டுமென்றால் 'வாக்யூ' என்றே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடுகளில் கதை வேறு. 1976இல் இரண்டு கருங்காளைகளும் இரண்டு செவலைக் காளைகளும் அமெரிக்கா போயின. பிறகும் சில போயின. அந்த வழியில் வந்த கலப்பு மாடுகளின் கறியும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாக்யூ என்றே விற்கிறது. மோசமான கறி என்று சொல்ல மாட்டேன், பல இடங்களில் நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு.

கறிக்குத் தரும் 'ஏ5' என்ற தரக்குறி பற்றியும் ஒரு வார்த்தை. 'ஏ' என்பது ஓர் உருப்படியிலிருந்து எவ்வளவு கறி தேறுகிறது என்பதைச் சொல்வது. வியாபாரிக்கு வேண்டிய கணக்கு அது. தட்டில் இருப்பதைப் பற்றிப் பேசுவது '5' என்ற எண்தான். கறிக்குள் ஓடும் கொழுப்பை 1 முதல் 12 வரை மதிப்பிட்டு, 8உம் அதற்கு மேலும் பெற்று, நிறம், இறுக்கம் முதலியவற்றிலும் தேறினால் 5. இந்தக் கொழுப்போட்டத்தை ஜப்பானியர் 'ஷிமோஃபுரி' என்கிறார்கள், உறைபனி விழுந்தது போல என்று பொருள். தமிழில் 'கொழுப்பிழை' என்று சொல்லலாம். இழை இழையாகத்தானே ஓடுகிறது.

சரி, எங்கே போய்ச் சாப்பிடுவது? வாக்யூவுக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்கே போங்கள் என்பதுதான் என் பதில். டோக்கியோவில் எல்லா ஊர்க் கறியும் கிடைக்கும். ஆனால் விளையும் ஊரில் அதை எப்படிச் சமைக்க வேண்டும் என்ற பழக்கமும் சேர்ந்து கிடைக்கும்.

கோபேயில் தொடங்கலாம். கோபே என்று ஓர் இனம் கிடையாது. ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, மலைப்பாங்கான தஜிமாவின் கருமாட்டு வழியில் வந்து, அந்த மாகாணத்திலேயே பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்டு, கொழுப்பிழை மதிப்பு 6க்குக் குறையாமல் இருந்தால்தான் அது கோபே. 1939இல் தஜிமாவில் பிறந்த 'தஜிரி' என்ற பொலிகாளையின் இரத்தம் இன்று நாடெங்கும் உள்ள கருமாடுகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஓடுகிறது. பெயர்பெற்ற மற்ற ஊர்களின் கருமாடுகளும் இந்த மலை மாடுகளுக்கு உறவுதான். கோபே நகரில் இதைத் தெப்பன்யாக்கியாக, அதாவது கண்ணெதிரே இரும்புத் தகட்டில் சுட்டுத் தருவார்கள். அந்த முறையை 1945இல் தொடங்கிய மிசோனோ உணவகம் அந்த ஊரில்தான் இருக்கிறது. இரவில் பணப்பை தாங்காது என்றால் மதியம் போங்கள், அதே கடையில் மதியச் சாப்பாடு கணிசமாகக் குறைவு. மாட்டுக்குப் பீர் ஊட்டி, உடம்பு பிடித்துவிட்டு வளர்க்கிறார்கள் என்ற கதையைப் பொதுவழக்கமாக நம்ப வேண்டாம்.

மியே மாகாணத்தின் மத்சுசாகா என்ற பெயர் கிடாரிகளுக்கு, அதாவது கன்று ஈனாத இளம் பசுக்களுக்கு, மட்டும்தான். அவற்றில் சிறப்புவகையாக, ஹியோகோவிலிருந்து கன்றாக வாங்கி வந்து 900 நாளுக்கு மேல் வளர்ப்பவையும் உண்டு. இங்கே சுக்கியாக்கி சாப்பிட வேண்டும்: மெல்லிய கறிச் சீவல்களைச் சர்க்கரையும் சோயா சாறும் சேர்த்து இருப்புச்சட்டியில் வாட்டி, அடித்த பச்சை முட்டையில் தொட்டு உண்பது. 1878இல் தொடங்கிய வதாக்கின் உணவகம் இன்றும் இதற்குப் பேர்போனது. இந்தக் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே உருகுவதால் சீவல் நாக்கில் கரையும். எனக்கு இதைவிடச் சிறந்த வாக்யூ உணவு இல்லை.

கிஃபு மாகாணத்தின் தகாயாமாவில் செலவு குறைவாகவே ஆரம்பிக்கலாம். பழைய தெருக்களில், அந்தப் பகுதியின் பெயரால் வழங்கும் ஹிடா மாட்டுக்கறியைச் சுஷியாகப் பிடித்து, அரிசி அப்பளத்தின் மேல் வைத்துத் தருகிறார்கள், தட்டையும் சேர்த்துத் தின்றுவிடலாம். உட்கார்ந்து உண்பவர்கள் 'ஹோபா மிசோ' கேளுங்கள்: காய்ந்த பெரிய இலையில் மிசோ தடவி, அதன்மேல் கறியை வைத்து அனலில் வாட்டுவது.

ஓமி (ஷிகாவின் பழைய பெயர்) கறிக்கு ஷிகாவின் ஹிகோனே, ஷோகனுக்குக் காணிக்கை போன அதே ஊர். யாமாகத்தா மாகாணத்தின் யோனேசாவாவில் இரயில் ஏறினால் நிலையத்திலேயே மாட்டுக்கறிச் சோற்றுப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம். மியாசாக்கியும் ககோஷிமாவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் நாடளாவிய வாக்யூப் போட்டியில் மாறி மாறிப் பேர் வாங்குபவை. செண்டாய் என்ற பெயர் 5ஆம் தரத்துக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் அந்த ஊரில் புகழ்பெற்ற, அனலில் சுட்ட மாட்டு நாக்கு வேறு விஷயம். அந்த நாக்கு பெரும்பாலும் இறக்குமதி, வாக்யூ என்று நினைத்து வரிசையில் நிற்காதீர்கள்.

வாங்கும் கறி அதுதானா என்று பார்க்க வழி இருக்கிறது. ஜப்பானில் ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. கறிப் பொட்டலத்திலும் நல்ல உணவகங்களிலும் அதைக் காட்டுவார்கள். அரசின் இணையத்தளத்தில் இட்டால் மாட்டின் இனமும் பிறந்த இடமும் தெரிந்துவிடும். அளவைப் பொறுத்தவரை, 5ஆம் தரக் கறி நூறு நூற்றைம்பது கிராமுக்கு மேல் போனால் திகட்டும். கொழுப்பு பிடிக்காதவர்கள் குமாமோத்தோவின் ஆசோ எரிமலைப் புல்வெளிக்குப் போய்ச் செவலைக் கறியைச் சோற்றின் மேல் அடுக்கித் தரும் 'அகா உஷி தொன்' சாப்பிடலாம். கறிச்சுவை முன்னால் நிற்கும், கொழுப்பு பின்னால்.

'நாட்டு மாடு' என்பதைக் கறாராக, அயல் இரத்தம் கலவாதது என்று எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன ஊர்கள் எதுவும் தேறாது. யாமாகுச்சி மாகாணம் ஹாகி நகருக்கு அப்பால் கடலில் உள்ள மிஷிமா தீவின் சிறிய கருமாடுகள் அந்தக் கலப்பிலிருந்து தப்பியவை. 1928லேயே இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்கள். அந்தக் கறி அபூர்வம். மிஷிமா காளையை ஹோல்ஸ்டீன் பசுவோடு சேர்த்து உண்டாக்கிய 'கென்ரன்' மாட்டின் கறி ஹாகியில் கிடைக்கிறது. பாதிப் பங்கு ஹோல்ஸ்டீன் என்பதால் அதற்கு வாக்யூ என்ற பெயர் கிடையாது.