152 மில்லிகிராம் சூடம்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஆடி அமாவாசையன்று சூடம் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. நாலு தீக்குச்சி அணைந்து ஐந்தாவதுதான் பிடித்தது. சூடம் விற்ற அக்கா சிரித்துக்கொண்டே, "நம்ம சூடம் சுத்தமான சூடம் தம்பி. எரிஞ்சா சாம்பல்கூட மிஞ்சாது, பாத்துக்கிடுங்க" என்றார். பிறகு அவரே, "ஆனா அம்புட்டும் எங்கதான் போகுது?" என்று கேட்டார்.

டீக்கடையிலிருந்து ஒரு குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரை வாங்கிச் சுடருக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தேன். உள்ளே ஒரு நொடி ஆவி படிந்தது: நீர். சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீர் கையில் இருந்திருந்தால் அடுத்ததையும் காட்டியிருப்பேன். எரிந்த காற்றை அதோடு சேர்த்துக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். அது கார்பன் டை ஆக்சைடின் வேலை. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு மறுபடி சிப்பியின் பொருளாகவே மாறிவிடுகிறது. ஆக, சூடம் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் காற்றில் கலந்துவிட்டது. அக்கா டம்ளரின் அடியைத் தடவி, "இந்தக் கரி?" என்றார். நல்ல கேள்வி. அது எரியாமல் தப்பிய கார்பன். சூடத்தில் எந்த அணு எத்தனை என்று சொல்லும் சூத்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கரியில் ஒரு துளிகூடத் தப்பக் கூடாது.

தப்பவிடாமல் பிடிக்க 1831இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் வேதியியலாளர் லீபிக் ஒரு வழி செய்தார். அதை நினைத்தாலே எனக்கு ஒரு குஷி. எடை போட்ட பொருளைச் செம்பு ஆக்சைடு தூளோடு கலந்து கண்ணாடிக் குழாயில் அடைப்பார். குழாயைச் சுற்றிக் கரி நெருப்பு, நம் சாயல்குடி, கமுதிப் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கிறார்களே, அதுபோன்ற மரக்கரிதான். சூடேறிய செம்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனைக் கொடுத்துக் கொடுத்துக் கார்பன் முழுவதையும் எரித்துவிடும். வெளியே வரும் வாயு முதலில் கால்சியம் குளோரைடு வழியே போகும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியில் கசிகிறதல்லவா? உப்போடு ஒட்டி வருகிற மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதால் அப்படி. கால்சியம் குளோரைடு அதற்குப் பங்காளி. நீரை மொத்தமாகக் குடித்துவிடும். அடுத்து முக்கோணமாக வளைத்த குழாயில் ஐந்து கண்ணாடிக் குமிழ்கள், உள்ளே காரப் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல். வாயு ஒவ்வொரு குமிழாக மூழ்கி எழும். கார்பன் டை ஆக்சைடு அங்கேயே சிக்கிக்கொள்ளும். இந்த வரிசை மாறினால் கணக்கே கெட்டது, ஏனென்றால் பொட்டாஷ் கரைசல் நீராவியையும் விழுங்கிவிடும். கடைசியில் சூடான குழாயின் நுனியை உடைத்துவிட்டு, மறுமுனையில் வாயை வைத்து மெல்ல உறிஞ்சுவார்கள், உள்ளே தேங்கிய வாயுவும் குமிழ்களுக்குள் போய்ச் சேரட்டும் என்று. பிறகு இரண்டையும் தராசில் வைத்தால் தீர்ந்தது. பலர் வாயுவின் கொள்ளளவை அளந்து திண்டாடிக்கொண்டிருந்த வேலை, எளிதாக எடை போடுகிற வேலையாகிவிட்டது.

(நான் படித்த பள்ளியில் வேதித் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி மாதிரி இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் தொடவிடவில்லை. வகுப்பறை டிஜிட்டல் திரைகளுக்குச் செலவிடும் பணத்தில் பள்ளிக்கு நாலு தராசு வாங்கலாம் என்பது என் தீராத புலம்பல்.)

கணக்கு சுருக்கமானது. 152 மில்லிகிராம் சூடம் முழுதாக எரிந்தால் 440 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடும் 144 மில்லிகிராம் நீரும் கிடைக்கும். முன்னதில் 44க்கு 12 பங்கு கார்பன்: 120. பின்னதில் 18க்கு 2 பங்கு ஹைட்ரஜன்: 16. இரண்டும் சேர்ந்து 136. சூடமோ 152. மிச்சம் 16 ஆக்சிஜன். இந்த முறையில் ஆக்சிஜனை நேராக அளக்க முடியாது, எரியும்போது வெளியிலிருந்தும் அது வந்து கலந்துவிடுகிறது. கழித்துத்தான் பார்க்க வேண்டும். அணு எடைகளான 12, 1, 16 ஆகியவற்றால் முறையே வகுத்தால் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்.

இது விகிதம் மட்டுமே. வினிகரின் அமிலத்துக்கும் குளுக்கோஸுக்கும் விகிதம் ஒன்றேதான், 1:2:1. மூலக்கூறு எடை தெரிந்தால்தான் உண்மையான எண்ணிக்கை தெரியும். சூடத்துக்கு அது 152, ஆகவே விகிதமே எண்ணிக்கை.

சமன்பாட்டைச் சமன் செய்வதும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ஒரு மூலக்கூறு சூடத்தின் 10 கார்பனிலிருந்து 10 கார்பன் டை ஆக்சைடு, 16 ஹைட்ரஜனிலிருந்து 8 நீர். இவற்றுக்கு 28 ஆக்சிஜன் அணு வேண்டும். சூடம் கையில் கொண்டுவருவது ஒன்று, காற்று தர வேண்டியது 27. காற்றில் ஆக்சிஜன் ஜோடி ஜோடியாகத்தான் திரிகிறது. 27ஐ ஜோடியாகப் பிரிக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்க வேண்டும், அப்போது காற்று தருவது 54 அணு, அதாவது 27 ஜோடி:

2 சூடம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 நீர்

எடை சரிதானா? 152 மில்லிகிராம் சூடத்தோடு 432 ஆக்சிஜன் சேர்ந்து 584. அந்தப் பக்கம் 440ம் 144ம், அதே 584. "ஒன்றுமே மிஞ்சாது" என்ற அக்காவின் சூடம், ஏற்றியதைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு எடையாகக் கடற்காற்றில் போயிருக்கிறது.

சாம்பல் இல்லையென்றால் சுத்தம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாப்தலீன் அந்துருண்டையும் சாம்பலில்லாமல்தான் எரியும். புகை வேண்டுமானால் கூடுதலாக வரும். நாப்தலீனில் 10 கார்பனும் 8 ஹைட்ரஜனும் மட்டுமே. அதை 128 மில்லிகிராம் எடுத்து லீபிக்கின் குழாயில் எரித்தால், பொட்டாஷ் குமிழ்களில் ஏறும் எடை அதே 440. கால்சியம் குளோரைடில் ஏறுவது மட்டும் சரிபாதி, 72.